ஊத்துக்கோட்டை வளைவில் ஒரு பிரேக்

கடம்பத்தூரிலிருந்து தேர்வாய் கண்டிகைக்கு முதல் ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போகும் பஸ் என்னுடையது. என்னுடையது என்றால், ஓட்டுவது நான். ஓனர் வேறு ஆள். போன வருஷம் அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டினார். டீசல் மிச்சமாகும்படி ஓட்டக் கற்றுத்தர ஒரு பயிற்சியாளரும் வந்தார். தூரத்திலேயே பார்த்து வேகத்தைக் குறை, நின்றால் எஞ்சினை அணை என்றார். இதெல்லாம் எனக்குத் தெரியாததா என்று தெனாவெட்டாக உட்கார்ந்திருந்தேன்.

பெட்டி அனுப்பிய கணக்கைப் போனில் காட்டினார். வழி நெடுகப் பச்சை. ஊத்துக்கோட்டைக்கு முன்னால் வரும் வளைவில் மட்டும் சிவப்பு. சடன் பிரேக்காம்.

"இன்னா சார் இது? அங்க நான் பிரேக்கே அடிக்கிறதில்ல."

"டெய்லி அடிக்கிறீங்கண்ணா. காலைல போகும்போது மட்டும். திரும்பி வரும்போது இல்ல."

அங்கே ஆடு மாடு கிடையாது, பள்ளம் கிடையாது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பொட்டி புளுகுது என்று சண்டை போட்டேன். ஓனர் ஒரே பேச்சில் முடித்தார். மாசக் கடைசிக்குள் சிவப்பு போகாவிட்டால் ரூட் வேறு ஆளுக்கு, எனக்குக் கும்மிடிப்பூண்டி யார்டில் வண்டிகளை நகர்த்தி நிறுத்தும் வேலை.

வீட்டில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ரூட் போனால் போகட்டும். என் மகள் அந்த பஸ்ஸில்தான் வேலைக்கு வருகிறாள். வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வது குறைவு. வளர்ந்த பெண்ணிடம் அப்பன் என்னத்தைப் பேசுவான்? காலையில் போய்ச் சேரும்வரை அவள் என் வண்டியில் இருப்பாள். எனக்கு அது போதும். இதை அவளிடம் சொன்னதில்லை. சொன்னால், "பேஜாரு பண்ணாத நைனா" என்பாள்.

மறுநாள் பயிற்சியாளர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினேன். வளைவில் பஸ் ஒரு குலுங்கு குலுங்கியது. குனிந்தால், என் கால் பிரேக்கில் இருக்கிறது. சத்தியமாக நானாக வைக்கவில்லை.

"உள் கண்ணாடிய நிமிந்து பாத்தீங்கண்ணா," என்றார் அவர். "கண்ண எறக்கறதுக்குள்ள வளைவு வந்துடுச்சு. பதறி மிதிச்சிட்டீங்க."

மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன். ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தினமும் தூங்கிக்கொண்டே வருகிற என் மகள் விழித்திருந்தாள். அந்த இடத்தில்தான் அவள் முகத்தில் வெயில் விழும். அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறாள், என்னையே பார்த்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது, ஏனென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை அவள் சீட் காலி. லீவு போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுநாளும் வரவில்லை. மனைவியைக் கேட்டேன்.

"ரெண்டாவது ஷிப்டு கேட்டு வாங்கிக்கினா. உங்கிட்ட சொல்லலியா?"

அந்த ஷிப்டுக்கு வேறு பஸ், வேறு டிரைவர். என் மேல் அவளுக்கு என்ன கோபம்? தூங்குகிறவளை நான் வேவு பார்ப்பதாக நினைத்துவிட்டாளா? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அந்த வளைவு வரும்போதெல்லாம் கண்ணாடியில் வெறும் சீட்டுதான் தெரிந்தது. கண் உடனே ரோட்டுக்குத் திரும்பிவிடும்.

மாசக் கடைசியில் பயிற்சியாளர் போனை நீட்டினார். கடம்பத்தூரிலிருந்து தேர்வாய் கண்டிகை வரை ஒரே பச்சை. "சூப்பர்ணா, ரூட்டு உங்களுக்குத்தான்" என்று கை கொடுத்தார். பச்சையாக்க நான் ஒன்றுமே செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள்தான் பரிமாறினாள். குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"பச்ச வந்துடுச்சா நைனா?"

"வந்துடுச்சு."

"ரூட்டு உனக்கேதான?"

"எனக்குதான்."

"அதுக்குதான் ஷிப்ட மாத்திக்கினேன். ரூட்டு பூடுமேன்னு சோறு துன்னாம கீறியேன்னு."

சோறு இறங்காதது ரூட்டுக்காக இல்லை என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். தின்றேன்.