வீடியோ சிவநேசனும் வாக்குப் பெட்டியும்

வார நாட்களில் சிவநேசனுக்கு சுவிஸில், பேர்னுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை. சனி, ஞாயிறு வந்தால் கலியாண வீடியோ. குசினியில் வாயே திறக்காத மனுசன் கமராவைத் தோளில் வைத்ததும் ராசாவாகிவிடுவார். ஐயரை மந்திரத்தை நிறுத்தச் சொல்வார், மேளகாரரைப் பொறுக்கச் சொல்வார். சூக் நகரில் ஒரு கலியாணத்தில், தாலி கட்டி முடித்த மாப்பிள்ளையிடம், “முடிச்சுப் போடுற மாதிரி இன்னொருக்கால் செய்யுங்கோ தம்பி, முதல் கட்டினது கமராவில விழேல்லை” என்றார். மாப்பிள்ளையும் செய்தார். எங்கள் சனத்துக்குக் கலியாணம் எப்படி நடந்தாலும் வீடியோ நன்றாக வரவேண்டும்.

அதே குசினியில் வேலை செய்யும் லுத்ஃபி துனீசியாக்காரர். அவருடைய நாட்டில் பழைய ஆட்சி கவிழ்ந்து, 2011 ஒக்டோபரில் முதல் தடவையாக உண்மையான தேர்தல் ஒன்று வந்தது. வெளிநாடுகளில் இருப்பவர்களுக்கும் வாக்கு உண்டு. பேர்னில் ஒரு மண்டபத்தில் பெட்டி வைத்தார்கள். லுத்ஃபியின் தகப்பன் ஊரில் படுத்த படுக்கை. மகன் வாக்குப் போடுவதைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் கிழவரின் ஒரே ஆசை.

“நீதான் வந்து எடுத்துத் தரவேணும், சிவா” என்று லுத்ஃபி கேட்டார். இருவரும் கதைப்பது டொச் எனும் ஜெர்மன் மொழியில், அதுவும் அரைகுறையாக. நாம் அதைத் தமிழிலேயே கேட்போம்.

சனிக்கிழமை காலையிலேயே சிவநேசன் போய்க் கமராவை முக்காலியில் ஏற்றிவிட்டார். யாருக்குப் போடுகிறார்கள் என்பது மட்டும் படத்தில் தெரியக்கூடாது என்று மண்டபத்துக்குப் பொறுப்பாக இருந்த நரைத்த அம்மா கண்டிப்பாகச் சொன்னார். வரிசை வாசலுக்கு வெளியேயும் நீண்டிருந்தது. சவரக் காயத்தில் கடதாசித் துண்டு ஒட்டியபடி ஒரு டாக்ஸிக்காரர் வந்தார். நித்திரைப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் வந்தாள். வாக்குப் போட்டவர்கள் மை பட்ட விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். “இஞ்ச பாருங்கோ, சிரியுங்கோ” என்று சிவநேசன் எத்தனை தரம் சொல்லியும் ஒருவரும் அவரைக் கணக்கெடுக்கவில்லை. மனுசனுக்கு உள்ளுக்குள் கோபம்.

லுத்ஃபியின் முறை வந்தது. அந்த நேரம் பார்த்து, பெட்டிக்குப் பின்னால் கதிரையில் தொங்கிய யாரோ ஒருவரின் சாரம் போன்ற பெரிய சால்வை படத்தைக் கெடுப்பதாகச் சிவநேசனுக்குப் பட்டது. கமராவை நிறுத்திவிட்டு அதை எடுக்கப் போனார். தான் சொல்லும் மட்டும் லுத்ஃபி நிற்பார் என்று நினைத்தார். ஐயர்மாரே நிற்பார்களே. லுத்ஃபி நிற்கவில்லை. சிவநேசன் திரும்பி வந்தபோது தாள் பெட்டிக்குள் போய்விட்டது.

“லுத்ஃபி, ஒருக்கால் திரும்பப் போடு.”

“போட்டாச்சு. இன்னொரு சீட்டுக் கிடையாது” என்றார் பொறுப்பான அம்மா.

“வெறுந்தாள் ஒண்டைப் பெட்டிக்கு மேல பிடிச்சாலே காணும். அப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது.”

லுத்ஃபியின் முகம் கறுத்தது. “அவருக்குத்தான் தெரியும். அந்த நாளில ஒவ்வொரு எலெக்சனுக்கும் ஆட்சிக்காரர் அவரைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பெட்டிக்குப் பக்கத்தில நிப்பாட்டி, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தவங்கள். ஆர் வெல்லுறது எண்டது முதலே முடிவாயிருக்கும். கமராவுக்கு வாக்குப் போட்டது போதும், சிவா.”

சிவநேசனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரு கிழவரின் ஆசையை ஒரு சால்வைக்காகக் கெடுத்துவிட்டோமே என்று வெட்கப்பட்டார். கமராவில் இருந்தது லுத்ஃபி பெட்டியை விட்டுத் திரும்பிய முகமும், மை பட்ட விரலும்தான். அதையே அனுப்பினார்கள்.

பின்னேரம் லுத்ஃபி தொலைபேசியில் வந்தார். “அப்பா பார்த்திட்டார்.”

“போட்டது தெரியேல்லை எண்டு கவலைப்பட்டவரோ?”

“இல்லை. என்ர முகத்தைப் பார்க்கவே காணுமாம். உன்னைத்தான் விசாரிச்சார். சுவிஸிலயும் நாளைக்கு எலெக்சன் எண்டு சொன்னனான். இதை எடுத்த பொடியன் தன்ர வாக்கைப் போட்டிட்டானோ எண்டு கேட்டவர்.”

சிவநேசன் ஊரில் வாக்களிக்கும் வயது வரமுன்பே புறப்பட்டவர். சுவிஸ் கடவுச்சீட்டு எடுத்தும் சில வருடமாகிவிட்டது. மனைவி தில்லைநாயகி ஒவ்வொரு தடவையும் தன்னுடைய வாக்கைத் தபாலில் போட்டுவிடுவாள். அவருடைய வாக்குச்சீட்டு உறை விளம்பரத் தாள்களோடு பாண் கூடைக்கு அடியில் கிடக்கும். கலியாணங்களுக்கு ஓடுகிறவனுக்கு அதற்கெங்கே நேரம் என்று சொல்லிக்கொள்வார்.

ஞாயிறு காலை அந்த உறையைத் தேடி எடுத்துக்கொண்டு வாக்குச் சாவடிக்கு நடந்தார். தில்லைநாயகியும் கூட வந்தாள். பெட்டிக்கு முன்னால் வந்ததும் உறையைக் கையில் எடுத்தார்.

“இஞ்சாருங்கோ, கொஞ்சம் பொறுங்கோ, போன் திறக்குதில்லை” என்றாள் அவள்.

அவர் பொறுக்கவில்லை. போட்டுவிட்டார். அவளுடைய போனில் விழுந்தது, பெட்டியை மறைத்துக்கொண்டு நின்ற அவருடைய முதுகு மட்டும்தான்.

“அதை லுத்ஃபிக்கு அனுப்பு. தேப்பனுக்குக் காட்டட்டும்.”

“முதுகையோ?”

“ஓம். அவருக்கு விளங்கும்.”