உம்மாவின் அடுப்பும் என் நான்கு நிமிடமும்

எதிர்க்கட்சி எம்.பி.க்கு இருக்கிற ஒரே ஆயுதம் வாய். அதையும் நிமிடக் கணக்கில்தான் திறக்க விடுவார்கள். கைதட்டல் ஆளுங்கட்சிக்கு, திட்டு எல்லாக் கட்சிக்கும். பள்ளிவாசல் கூட்டத்தில், மீனவர் சங்கத்தில், பாடசாலை அபிவிருத்திக் குழுவில் கையை உயர்த்தி, "அதைக் கடைசியில பாப்பம், இரிங்க" என்று உட்காரவைக்கப்பட்ட எல்லோரும் என் இனம்தான். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

சலாம் சொல்லி நுழைகிறவர்

கல்முனையில் எனக்கு அலுவலகம் என்று தனியாக ஒன்றுமில்லை. என் மனைவியின் வீட்டு விறாந்தைதான் அலுவலகம். மனைவி வீடு என்று சொல்ல எனக்கு என்ன வெட்கம்? எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அங்கே போய்க் குடியேறுவார். வெளியில் நான் கௌரவ உறுப்பினர், உள்ளே வந்து சேர்ந்த ஆள்.

அந்த விறாந்தைக்கு ஒரு காலையில் ஆசியா உம்மா வந்தார். புருஷன் மௌத்தாகிப் பல வருஷம். ஒரே மகள் நுஸ்ராவுக்குக் கலியாணம் பேசியபோது, இருந்த ஒரே வீட்டையும் அவள் பெயருக்கு உறுதி எழுதிக் கொடுத்துவிட்டு, பின்வளவில் இருந்த பழைய குசினிக்குள் போய்விட்டார். படுப்பதும் அங்கேதான், சமைப்பதும் அங்கேதான். மருமகன் நல்ல பிள்ளை, ஆனாலும் மருமகனின் சோற்றிலும் அடுத்தவர் காசிலும் கைவைக்க அவருக்குக் கூச்சம். இடியப்பம் அவித்து விற்றுச் சீவித்தார். இப்போது வலது கண்ணில் வெண்படலம் மூடிவிட்டது. ஒப்பரேஷனை ஆசுபத்திரியில் இலவசமாகச் செய்வார்கள், கண்ணுக்குள் வைக்கிற வில்லையை மட்டும் நாம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். அரசாங்க நிவாரணம் கிடைத்தால் அதைச் சேர்த்து வாங்கலாம் என்று எழுதிப் போட்டிருக்கிறார். மனு தள்ளுபடி. ஏனென்று கேட்டால், கல்வீடு, மோட்டார் சைக்கிள், ஃப்றிஜ் எல்லாம் இருக்கிறதாம். மருமகனின் சாமான் முழுவதும் மாமியார் தலையில் ஏறியிருந்தது. மனுசி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மகன், நான் ஊட்டுக்காரி எண்டு எழுதியிரிக்காங்க. அந்த ஊட்டுக்குள்ள போறெண்டா நானே சலாம் செல்லிட்டுத்தான் போற."

நான்கு நிமிடம்

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரவு செலவுத்திட்ட விவாதத்தில் எப்படியும் பேசுவது என்று எங்கள் கொறடாவைப் பிடித்தேன். பத்து நிமிடம் கேட்டேன், நான்கு தந்தார். "நிவாரணத்தைப் பற்றி ஏற்கெனவே மூன்று பேர் பேசுகிறார்கள். நீங்கள் என்ன புதிதாகச் சொல்லப்போகிறீர்கள்?" என்றார். "குசினி," என்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பேசினேன். "கோடீஸ்வரர் தேயிலைக்கும் சவர்க்காரத்துக்கும் கட்டுகிற அதே வரியைத்தான் ஆசியா உம்மாவும் கட்டுகிறார். வரி வாங்கும்போது அவர் தனி ஆள். நிவாரணம் கொடுக்கும்போது மட்டும் ஏன் மருமகனோடு சேர்த்து எண்ணுகிறீர்கள்? எங்கள் கரையோர ஊர்களில் பெற்றவர்கள் வீட்டைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுக் கொட்டிலுக்குள் போவார்கள். உங்கள் படிவத்தில் அந்தக் கொட்டிலுக்கு ஒரு கட்டம் இருக்கிறதா?" என்று கேட்டேன். சபை கொஞ்சம் அமைதியானது. சரி, சபையைப் பிடித்துவிட்டேன் என்று நானே என்னை மெச்சிக்கொண்டு, கண் வில்லைக்கு வந்தேன். ஒலிவாங்கி செத்துப்போனது. வாய் மட்டும் அசைகிறது. தலைமை ஆசனத்தில் இருந்தவர் மிக மரியாதையாகச் சொன்னார்:

"கௌரவ உறுப்பினர் அவர்களே, உங்கள் நேரம் முடிவடைந்துவிட்டது, அந்தக் கண்ணை எழுத்தில் சமர்ப்பியுங்கள்."

ஊர் தந்த பாராட்டு

ஊருக்கு வருவதற்கு முன்பே அந்த வீடியோ வந்து சேர்ந்திருந்தது. சந்தையில் மீன் வாங்கப் போனேன். தம்பிலுவில்லிலிருந்து மீன் கொண்டுவருகிற குணம் அண்ணன் பாரையை வெட்டுவதை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஒலிவாங்கி நின்ற பிறகு நான் கையை விசிறிக்கொண்டு சத்தமில்லாமல் கத்திய பகுதிதான் அவருக்குப் பிடித்ததாம்.

"ஐயா, படகுக்கு மண்ணெண்ணெய் கேக்கக்குள்ளயும் அப்பிடியே கையக் காட்டிக் கதையுங்க, சத்தம் வராட்டியும் பரவாயில்ல."

அமைச்சரின் சந்தேகம்

நம்பினால் நம்புங்கள், பேச்சு வேலை செய்தது. மறுவாரம் நிவாரணத்துக்குப் பொறுப்பான அமைச்சர் என்னைப் பாராளுமன்றச் சாப்பாட்டு அறையில் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சிங்களவர், தெற்கிலிருந்து வந்தவர், கெட்டவரில்லை. வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அதே வளவில் தனியாக அடுப்பு மூட்டுகிறவர்களைத் தனிக் குடும்பமாக எடுத்து, திரும்பவும் பார்வையிடச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்புவதாகச் சொன்னார். சந்தோஷத்தில் அவருடைய தேநீருக்கும் நானே சீனி போட்டுக் கலக்கினேன். அவர் விடவில்லை, நான் எங்கே குடியிருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்படியென்றால் உங்கள் மாமியார் இப்போது எங்கே சமைக்கிறார்?"

பதில் இருந்தது, என் மாமியாருக்கு மூத்த மகளிடம் தனி அறை உண்டு. ஆனால் அந்த அறையை நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அடுப்புப் பார்க்க வந்தவர்

சுற்றறிக்கை வந்தது. ஆலையடிவேம்பைச் சேர்ந்த சுகந்தி என்ற உத்தியோகத்தர் வளவு வளவாக ஏறி இறங்கினார். ஆசியா உம்மாவின் ஒழுங்கையில் இதே நிலைமையில் இருந்த உம்மாமார் எல்லோருக்கும் நிவாரணம் சரிவந்தது. ஆசியா உம்மாவுக்கு மட்டும் திரும்பவும் தள்ளுபடி. எனக்கு விசர் பிடிக்காத குறை. பிரதேச செயலகத்துக்கு ஓடினேன், சுகந்தியின் மேசையில் கோப்பைப் போட்டேன்.

அவர் பதறவில்லை, நடந்ததைச் சொன்னார். வாசலில் நின்று நுஸ்ராவிடம், "அம்மா தனியாவா சமைச்சுச் சாப்பிடுறா?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்து வேலிகளில் தலைகள். பெற்ற உம்மாவைத் தனியாகச் சமைக்க விட்டிருக்கிறாள் என்று ஊர் கதைக்குமே என்று அந்தப் பிள்ளை பயந்துவிட்டாள். "இல்ல மிஸ், உம்மா எங்களோடதான் சாப்பிடுறவ," என்று சொல்லிவிட்டாள். பின்னால் போய் உம்மாவைக் கேட்டால், மகள் சொன்னதைச் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர், "ஓம், அவள்தான் எனக்குச் சோறு தாற," என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். சுகந்தி என்னிடம் கையை விரித்தார்:

"சேர், அடுப்பில இடியப்பம் அவிஞ்சுகொண்டுதான் இருந்தது, ஆனா தாயும் மகளும் ஒரே பதிலச் சொன்னா நான் ஆவியப் பாத்தா எழுதுற?"

மேன்முறையீடு

இரண்டு நாள் கழித்து நுஸ்ரா விறாந்தைக்கு வந்தாள். அழுத முகம். கிளினிக்கில் வில்லை இல்லாமல் உம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வருகிற வழியில் உம்மா வேலிக் கம்பியில் மோதி நெற்றி வெடித்துவிட்டது. "காக்கா, நான் வெக்கத்தில பொய் செல்லிட்டன். உம்மா தனியத்தான் ஆக்கித் தின்னுற. ஊர் என்னைத் துப்பினாலும் பரவாயில்ல, அப்பிடியே எழுதுங்க, நான் கையெழுத்து வெக்கிறன்," என்றாள். எழுதினேன். கையெழுத்து வைத்தாள். எத்தனையோ பிரேரணைகளில் கையெழுத்துகளைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவு அழுத்தி வைத்த ஒன்றைக் கண்டதில்லை. விண்ணப்பதாரியும் வைக்க வேண்டும் என்பதால் இருவருமாக உம்மாவிடம் போனோம்.

உம்மா நெற்றியில் பிளாஸ்டரோடு அடுப்படியில் இருந்தார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "மகள் பொய் கூறினார்" என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார். வில்லையைச் சொன்னேன், கண்ணைச் சொன்னேன், அந்த வரி இல்லாமல் மேன்முறையீடு எடுபடாது என்ற சட்டத்தைச் சொன்னேன். நுஸ்ரா காலைப் பிடித்தாள். மனுசி பேனாவைத் தொடவேயில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அதே நேரம் அந்தப் புகைக்குள் என் கண்ணும் கலங்கிவிட்டது. ஆசியா உம்மா தெரிகிற கண்ணால் மகளைப் பார்த்துவிட்டு, கடிதத்தை மடித்து என் கையில் தந்தார்:

"கண் போனாப் போகட்டும் மகன், என்ட புள்ள பொய் சென்ன எண்டு அரசாங்கத்துட கடதாசியில நான் கையெழுத்து வெக்க மாட்டன்."

அமைச்சர்மாரை மடக்கப் பாராளுமன்ற நிலையியற் கட்டளையில் ஆயிரம் வழி இருக்கிறது. பெற்றவளை மடக்க மட்டும் அதில் ஒரு வரிகூட இல்லை.