நாலாம் எண் டிராம்

பினாங்கில் மலிவாக வாழ ஒரே வழி, அடுத்தவன் எதைக் கண்டு பயப்படுகிறான் என்று பார்த்து அதை வாங்கிப் போடுவதுதான் என்று லோகேஸ்வரன் நம்பினார். சீனர்களுக்கு நாலு ஆகாது. அவர்கள் பேச்சில் அந்த எண் சாவு என்று காதில் விழும். ஆகவே லோகேஸ்வரன் வாழ்நாள் முழுக்க நாலுகளைப் பொறுக்கிச் சேர்த்தார். ஆயர் ஈத்தாமில் அவர் குடியிருந்த அடுக்குமாடி வீடு நாலாவது மாடியில் இருந்தது. அதை நாலு என்று எழுதக் கட்டியவனுக்கே தைரியம் வரவில்லை. மின்தூக்கியில் ‘மூன்று ஏ’ என்று போட்டிருந்தான். மோட்டார் சைக்கிள் எண்ணில் இரண்டு நாலு. கைப்பேசி எண்ணில் மூன்று. கல்யாணம்கூட ஏப்ரல் நாலாம் தேதிதான். அன்றைக்கு மண்டபம் காலியாகக் கிடந்தது. எல்லாமே அடிமாட்டு விலைக்கு வந்தவை. கல்யாணத்தை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று குணவதி பலமுறை சொல்லியிருக்கிறாள்.

எட்டைக் கண்டால் மட்டும் அவர் ஒதுங்கிப் போவார். எட்டு சனியின் எண். எட்டு உள்ள வண்டி எண்ணுக்குச் சீனர்கள் போட்டி போடுவதைப் பார்த்து, “சனியன காசு குடுத்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறானுங்க” என்று சிரிப்பார். இப்படி இரண்டு இனத்தின் பயங்கள் ஒரே மண்டைக்குள் பகுத்தறிவு என்ற பெயரில் சுகமாகக் குடித்தனம் நடத்தின.

பிறை என்ற ஊரில் மின்னணுப் பொருள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் இயந்திரங்களைப் பழுதுபார்த்தார். கையேடு எதையும் புரட்டியதில்லை. இயந்திரத்தின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டு, இன்ன இடத்தில் கோளாறு என்பார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். பிறகு தொழிற்சாலை வேறு நாட்டுக்கு இடம்பெயர்ந்தது. ஊழியர்கள் தாங்களாகவே முன்வந்து விலகிக்கொள்ளும் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். யார் யார் தாங்களாகவே முன்வர வேண்டும் என்பதையும் மேலிருந்தே சொல்லி அனுப்பினார்கள்.

அது நடந்த அதே வருடம் குணவதியின் ஆப்பக்கடையும் போயிற்று. லிட்டில் இந்தியாவில் ஒரு பழைய கடைவீட்டின் முன்புற நடைபாதையில் அவள் காலை நேரத்தில் ஆப்பம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் இறந்தார், பிள்ளைகள் விற்றார்கள், வாங்கியவர்கள் கதவுக்குக் கறுப்புச் சாயம் அடித்து, பெயர்ப்பலகையே இல்லாத விடுதியாக ஆக்கினார்கள். பெயர்ப்பலகை இல்லாவிட்டால் வாடகை கூடுதலாம்.

அதற்குப் பிறகும் குணவதி விடிவதற்கு முன்னே எழுந்துவிடுவாள். ஆட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் அடுப்படியில் கொஞ்ச நேரம் நிற்பாள். போய்ப் படுத்துக்கொள்வாள். ஒருநாள் படுக்காமல் வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“தலைக்கு மேல ஒரு கூர, கீழ ஒரு அடுப்பு. வேற ஒன்னும் வேணாம். பாத்துக் குடுங்க. இல்லனா நான் ஜொகூருக்கு ரூபினிகிட்ட போயிடுறேன். ஒங்களுக்கு எதிர்ல உக்காந்து மூச்சு மட்டும் விட்டுக்கிட்டு இருக்க என்னால ஆவாது.”

ரூபினி அவர்களுடைய ஒரே மகள். ஜொகூர் பாருவில் வேலை. போகிறேன் போகிறேன் என்று குணவதி முன்பும் சொல்லியிருக்கிறாள், பாத்திரங்களின் பக்கவாத்தியத்தோடு. இந்தத் தடவை ஒரு கரண்டிகூட விழவில்லை. இந்தப் பெண் போய்விட்டால் வீட்டில் தன்னோடு சண்டை போட ஒரு ஜீவன் இருக்காது என்று லோகேஸ்வரனுக்குத் தெரிந்தது. போக விடக் கூடாது என்று அன்றே முடிவு செய்தார்.

வேறொரு கணவனாக இருந்தால் நேராக ஏதாவது காப்பிக்கடைக்குப் போய், ஒரு மூலையை வாடகைக்குக் கேட்டிருப்பான். லோகேஸ்வரன் பினாங்கு ரோட்டுக்குப் போனார். அங்கே தாரைப் பெயர்த்த இடத்தில் அந்தக் காலத்து டிராம் தண்டவாளம் துண்டாகத் தெரியும். சுற்றுலாக்காரர்கள் குனிந்து அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெறும் இரும்புக்கே இவ்வளவு மரியாதை என்றால், மேலே ஒரு டிராமும் டிராமுக்குள் ஆப்பமும் இருந்தால்?

அவருடைய சித்தப்பா மகன் ஜெயராஜுக்கு, தீவை விட்டுப் பாலம் தாண்டி சிம்பாங் அம்பாட்டில், டயர் கடையை ஒட்டி ரோட்டோரமாகக் கொஞ்சம் நிலம் சும்மா கிடந்தது. டிராமை அங்கே நிறுத்துவது. ஓட்டுநர் நிற்குமிடத்தில் குணவதி அடுப்போடு நிற்பாள். மர இருக்கைகளில் சனங்கள். கூரை? கூரை இல்லாத டிராம் உண்டா!

டிராம் இணைய ஏலத்தில் கிடைத்தது. ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊரில் கொட்டகைக்குள் கிடந்த பழைய டிராம்களை எண் போட்டு ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். மார்க்கெட் ஸ்திரீட்டில் நாணயமாற்றுக் கடை வைத்திருக்கும் ஷேக் அலாவுதீன்தான் லோகேஸ்வரனுக்குப் பழைய கூட்டாளி, அண்ணன் முறையில் ‘நானா’. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பத் தெரிந்தவர். கடையில் கணினியும் இருந்தது. ஏலம் முடியும் நாளன்று சாயங்காலம் இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள்.

“எட்டாம் நம்பர் டிராம பாருங்க நானா. அடிச்சிக்கிட்டுச் சாவுறானுங்க” என்றார் லோகேஸ்வரன். “நாலாம் நம்பர் பக்கம் ஒரு ஈ காக்கா இல்ல.”

“அதுதான்டா எனக்கு வயித்தக் கலக்குது. ஈயே உக்காரலைனா பண்டத்துல என்னமோ இருக்குனு அர்த்தம்.”

“நாலு நானா, நாலு! கேக்குறவன் பேருக்குப் பக்கத்துல கொடி இருக்கு பாருங்க. ஹாங்காங், தைவான், சிங்கப்பூர். எவன் நால தொடுவான்? என் வீடு எப்புடி வந்துச்சு? என் மோட்டார் எப்புடி வந்துச்சு?”

ஷேக் அலாவுதீன் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரைக்கு அருகில் குனிந்தார். “கீழ சின்ன எழுத்துல என்னமோ போட்டிருக்கான் லோகா. அந்த ஊரு பாஷ. போன வச்சு மாத்திப் பாத்துடுவமா?”

“மேனுவல் படிச்சா நான் மெஷின் பாத்தேன்? படத்தப் பாருங்க. கூர எப்புடி நிக்குது, கப்பலாட்டம்.”

“ஒம் பொண்டாட்டி கூரதான்டா கேட்டா. கப்பல்ல வர்ற கூரயா கேட்டா?”

“அமுக்குங்க நானா.”

நானா அமுக்கினார். எதிர்த்து ஒரு குரல்கூட எழவில்லை. பினாங்கு முழுவதும் தனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் போல லோகேஸ்வரனுக்கு இருந்தது. பக்கத்து நாசி கண்டார் கடையில் நானாவுக்கு மீன்தலைக் கறியோடு சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்.

டிராம் கடலில் வருவதற்குள் மழைக்காலம் ஒன்று வந்து போயிற்று. அந்த இடைவெளியில்தான் குணவதிக்கு ஓர் இடம் அமைந்தது. சூலியா ஸ்திரீட்டில் ஒரு காப்பிக்கடை. முதலாளி அவள் கையால் ஆப்பம் தின்று பழகிய சீனக் கிழவர். ரோஜாக் பலகாரம் விற்றவர் விட்டுப்போன மூலை. மேலே கூரை, கீழே அடுப்பு வைக்க இடம், பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். “நாளைக்கே வா” என்றாராம். குணவதி பேருந்தில் வந்தாளோ பறந்து வந்தாளோ, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

லோகேஸ்வரன் கேட்டுவிட்டு, “டிராம் கடல்ல வருதுலா” என்றார். “அடுத்தவன் கடையில ஒரு மூலையில நின்னு சுடுவியா? ஒன்ன சிம்பாங் அம்பாட்டுக்கு ராணியாட்டம் கொண்டு போறேன். வந்து நின்னுச்சுன்னா இதே கிழவரு அங்க வந்து வரிசையில நிப்பாரு.”

குணவதி அவர் முகத்தைப் பார்த்தாள். மோட்டார் பழகிய புதிதில், ‘பயப்படாம உக்காரு’ என்று அவர் சொன்ன அன்றைக்கு வைத்திருந்த அதே முகம். அன்றைக்கு விழவில்லை. “நெசமா வந்துருமா?” என்றாள். “கப்பல் பேரே தெரியும்” என்றார். மறுநாள் போய்க் கிழவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த மூலையில் இப்போது குமுதா என்றொருத்தி வடை போடுகிறாள். நல்ல ஓட்டமாம்.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் டிராம் இறங்கியது. மஞ்சளும் பழுப்புமாக, படத்தில் பார்த்ததைவிடக் கம்பீரமாக நின்றது. அதைப் பரிசோதிக்க வந்த அதிகாரி ஹக்கீம், மரியாதை தெரிந்த இளைஞர். மரச்சட்டத்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். மாவு கொட்டியது. இன்னொரு இடத்தில் தட்டினார். அங்கேயும் மாவு.

“அங்கிள், இங்கே காதை வைத்துப் பாருங்கள்” என்றார் மலாயில்.

லோகேஸ்வரன் டிராமின் விலாவில் காதை வைத்தார். உள்ளே தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு கல்யாணப் பந்தியே உட்கார்ந்து அவசரமில்லாமல் தின்பதுபோல மெல்லிய, இடைவிடாத சத்தம். மரத்தைக் குடையும் வண்டு. வாழ்நாளில் எத்தனையோ கோளாறுகளைக் காதால் பிடித்தவர் அவர். இவ்வளவு தெளிவாக எதுவும் கேட்டதில்லை.

ஹக்கீம், ஏலத்தில் விற்றவர்கள் எழுதியிருந்த விவரத்தைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார். அந்தச் சின்ன எழுத்து இவ்வளவுதான்: மரம் முழுதும் வண்டு அரித்தது, இரும்புக்காக மட்டுமே விற்கப்படுகிறது.

“அங்கிள் தக் பாச்சா கா?” படிக்கவில்லையா என்று கேட்டார் ஹக்கீம், வருத்தமாகத்தான்.

“நாலாம் நம்பர்ங்கிறதால யாரும் கேக்கலனு…” லோகேஸ்வரன் மலாயில் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். ஹக்கீமுக்கு நாலோடும் எட்டோடும் எந்த வழக்கும் இல்லை. அவர் காத்திருந்தார்.

உயிருள்ள வண்டோடு மரத்தை வெளியே விட முடியாது. கூரை, சுவர், இருக்கை எல்லாம் எரிக்கப்பட்டன. அடிச்சட்டமும் சக்கரங்களும் சில கம்பிகளும் லாரியில் பாலத்தடியைக் கடந்து சிம்பாங் அம்பாட்டுக்கு வந்து சேர்ந்தன. ஜெயராஜ் டயர் கடையிலிருந்து இறங்கி வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தான்.

“என்னாண்ணே, மீனத் தின்னுட்டு முள்ள அனுப்பி வச்சிருக்கானுங்க?”

“ஒழுங்கா எறக்கச் சொல்லுடா.”

“எறக்கிட்டேன்ணே. மிச்சம் எப்ப வரும்?”

அந்த வார இறுதியில் குணவதியை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போனார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். நானும் பார்க்கிறேன் என்று அவள் ஏறிக்கொண்டாள். அதற்குள் ஜெயராஜ் பழைய டயர்களை இரும்பின்மேல் சாய்த்து வைக்கத் தொடங்கியிருந்தான். குணவதி ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஓட்டுநர் நிற்கும் இடம் எது என்று கேட்டாள், காட்டினார். அதில் ஏறி நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். மேலே வானம் மட்டும்தான் இருந்தது, அதுவும் கறுத்துக்கொண்டு.

“மழ வந்தா?”

“தார்ப்பாய் போட்டுக்கலாம்.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் பார்த்து இறங்கினாள், துருப் பட்டுவிடாமல் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. “போலாங்க” என்றாள்.

வீட்டுக்கு வந்து ரூபினியை அழைத்தாள். ரூபினியின் குடியிருப்புக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. காலைப் பலகாரத்துக்கு ஆள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மகள் இதை ஏற்கெனவே பலமுறை சொல்லியிருந்தாளாம். லோகேஸ்வரனுக்கு அன்றுதான் தெரிந்தது.

போவதற்கு முந்தைய நாள் குணவதி அவரைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினாள்.

“வெள்ளத் துணி தனி. கலர் தனி. தூள் இவ்ளோதான், அள்ளிக் கொட்டக் கூடாது. இத இங்க திருப்பி வச்சுட்டு இத அமுக்கணும்.”

“எனக்குத் தெரியாதா மெஷினு?”

“தெரியும்னா எது வெள்ளயோட போடக் கூடாதுன்னு சொல்லுங்க.”

அவர் இயந்திரத்தின் மூடியைத் திறந்து மூடினார். இரண்டு வாரத்தில் திரும்பி வருகிறவள் என்றால் அழுக்குத் துணியைக் கூடையில் விட்டுவிட்டுப் போவாள், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று. சொல்லிக்கொடுக்க மாட்டாள். அது அவருக்கு உறைத்தது. அவள் ரசப்பொடி இருக்கும் டப்பாவையும், மின்சாரக் கட்டணம் கட்டும் விதத்தையும், பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரி அக்காவின் எண்ணையும் காட்டிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

பட்டர்வொர்த் பேருந்து நிலையத்தில் கூட்டமில்லை. ஜொகூர் வண்டி முன்கூட்டியே வந்து நின்றது.

“எப்ப வருவ?”

“ரூபினிக்கு லீவு கெடைக்கட்டும். தீபாவளிக்குப் பாக்கலாம்.”

“நானும் வரட்டா?”

குணவதி உண்மையாகவே யோசித்தாள்; அது அவருக்குத் தெரிந்தது.

“வாங்கன்னா வந்துருவீங்க” என்றாள். “அதான் சொல்லல. வந்து அங்க எதிர்ல உக்காந்துக்கிட்டு, போன்ல எதையாவது ஏலம் கேப்பீங்க. அப்புறம் நான் அங்கேருந்து எங்க போவேன்?”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். ஓட்டுநர் ஏறச் சொன்னார். குணவதி ஒரு காலைப் படியில் வைத்தபின் எதையோ நினைத்துக்கொண்டு இறங்கி, கைப்பைக்குள் துழாவி, வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினாள்.

“வச்சுக்கங்க. அங்க எங்கயாவது தொலச்சிடுவேன்.”

அவள் இதுவரை எதையும் தொலைத்ததில்லை. ‘நீயே வச்சுக்கயேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை வருமா என்று அவளும் கொஞ்சம் நின்றதுபோலத்தான் இருந்தது. லோகேஸ்வரன் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.