மிஷின் ஓடும் அறையில் தொழுகை

அத்தாவின் நுரையீரல் சுருங்கிவிட்டது, இனிச் செய்ய ஒன்றுமில்லை, ஏற்காட்டுக்கே அழைத்துப் போங்கள் என்று சேலத்து டாக்டர் சொன்ன அன்று, மலையேறும் பஸ்ஸிலேயே வேலைகளை வரிசைப்படுத்திவிட்டேன். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின். கரண்ட் போனால் இன்வெர்ட்டர். அதுவும் போனால் சிலிண்டர். ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்ப்பதுதான் என் படிப்பும் வேலையும். லீவு போட்டுவிட்டு, மூன்றையும் நானே அவர் கட்டிலருகே பொருத்தினேன்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில், எங்கள் பழக்கடைக்கு மேலேதான் வீடு. ஐப்பசி மழை; எஸ்டேட் பக்கம் ஒரு கிளை முறிந்தாலும் கரண்ட் போய்விடும். தொழுகையில் நின்றாலும் என் காது மிஷினிடம்தான். ஓதிக்கொண்டிருக்கும்போதே, ஃபில்டர் கழுவ வேண்டும், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், சிலிண்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்று மனம் அடுக்கிக்கொண்டே போகும். இது இரண்டாவது ரக்அத்தா, மூன்றாவதா, எத்தனையாவது சுற்று என்று தெரியாமல் நிற்பேன். அப்படித் தவறினால் கடைசியில் கூடுதலாக இரண்டு முறை நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும். மறதிக்கான ஸஜ்தா அது. அந்த மாதம் ஏறக்குறைய எல்லாத் தொழுகையையும் அப்படித்தான் முடித்தேன்.

அத்தா படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். பேசுவதற்கும் மூச்சு வேண்டும் என்பதால் யோசித்துத்தான் பேசுவார். ஒரு நாள் அம்மாவிடம், "இவ அல்லாவத் தொழுவறாளா, மிஷினத் தொழுவறாளான்னு கேளு" என்றார்.

"சும்மா இருங்க. மிஷினு நின்னா ஊரே வந்து உங்கள முன்னால வெச்சுத் தொழுவுமுங்க" என்றாள் அம்மா.

அவர் சிரித்தார். இருமல் பிடித்துக்கொண்டது.

என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்து குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓத வேண்டும், நடுவில் எழுந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் எழுந்தேன். குழாயில் தண்ணீர் கோத்திருக்கும், அல்லது மிஷின் வேறு மாதிரி முனகும். திரும்பி வந்தால் கண்ணை மூடியிருப்பார். எந்த வசனத்தில் விட்டேன் என்று அந்த ஆயத்தைத் தேடுவேன்.

ஒரு நாள் காலையிலிருந்தே அவர் கஞ்சியைத் தொடவில்லை. நகங்கள் நீலமாக இருந்தன. டாக்டருக்குப் போன் செய்தேன். கீழே கொண்டுவந்தால் மலை வளைவிலேயே முடிந்துவிடும், பக்கத்தில் இருங்கள் என்றார். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு கரண்ட் போனது. இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கிவிட்டுக் கத்த ஆரம்பித்தது. சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, பேட்டரியைப் பார்க்க எழுந்தேன். அத்தா என் கையைப் பிடித்தார். அதில் பலமே இல்லை.

"ஓது கண்ணு."

"சிலிண்டர நான் பாத்துக்கறன் சாமி," என்றாள் அம்மா. "முள்ளு செவப்புக்கு வந்தா மாத்தோணும், அவ்வளவுதான? நீ உக்காரு."

சிலிண்டருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். முதல் சில ஆயத்துகள் வரை காது பின்னாலேயே இருந்தது. பிறகு எப்போதோ காது அதைக் கேட்பதை விட்டுவிட்டது. மழை கேட்டதாகக்கூட நினைவில்லை. ஓதும் சொல்லும் அவர் கையும் மட்டும் இருந்தன. அல்லாஹ்வின் முன்னால் இருந்தேன் என்று நான் சொல்லக்கூடியது அந்த ஒரு தடவைதான்.

அம்மா என் தோளைத் தொட்டபோது இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்தது. சிலிண்டரில் முள் பாதியில்தான் நின்றது.

"அத்தா போயிட்டாரு கண்ணு. நிறுத்தாத, ஓதி முடி."

எந்த ஆயத்தில் போனார் என்று எனக்குத் தெரியாது. கை இன்னும் சூடாக இருந்தது. அதை விடாமலே ஓதி முடித்தேன்.