கல்லறைத் தோட்டத்துச் சாவி

எங்கள் சபை மூப்பர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைதான் போடுவார். கல்லறைத் தோட்டத்துச் சாவி அவரிடம் இருக்கும். பேசும்போது அதை விரலில் மாட்டிச் சுற்றுவார். சபைத் தேர்தலில் நான் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. அது அவருக்குத் தெரியும்.

அம்மை செத்த அன்று சாவி கேட்டுப் போனேன். ஞானஸ்நானம் பெற்றவர்களைத்தான் அங்கே அடக்குவார்கள். அம்மை இரணியல் பக்கத்துச் சபைக்காரி. கடைசிக் காலத்தில்தான் என்னோடு வந்து இருந்தாள்.

“ஒங்க அம்மைக்கு ஞானஸ்நானம் ஆச்சுன்னு எப்பிடிடே தெரியும்?”

“அந்த ஊரு சபை உபதேசியார்ட்ட போன்ல கேளும்.”

“அவருக்கு யாரு சொன்னா?”

“அவருக்கு முன்ன இருந்தவரு.”

“அவருக்கு?”

சாவி சுற்றிக்கொண்டே இருந்தது. வீட்டில் அம்மையைக் கிடத்தியிருந்தோம். இப்படியே போனால் ஆதாமிடம்தான் போய்க் கேட்கவேண்டும்.

“மூப்பரே, ஒமக்கு எப்ப ஞானஸ்நானம்?”

“கைப்பிள்ளையில.”

“அத நீரு கண்டீரா?”

“எங்க அப்பா சொன்னாரு.”

“அவரு சொன்னது நெசம்னு ஒமக்கு யாரு சொன்னா?”

சாவி நின்றது.

“வாய் கூடிப்போச்சுலே ஒனக்கு” என்றார். சாவியை என் கையில் தரவில்லை. தரையில் போட்டார். நான் குனிந்து எடுத்தேன்.

அடக்கத்துக்கு அவரும் வந்தார். மூன்று பிடி மண் போட்டார். என் அம்மையை நம்பிப் போட்டாரா, அவருடைய அப்பாவை நம்பிப் போட்டாரா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை நாங்கள் பேசிக்கொள்வதில்லை.