கேட்ட விலைக்கே வந்த ஆள்

பைலட் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் அண்ணன் வாயால்தான். மூத்த மகளுக்கு வரன் வந்திருக்கிறது என்று சொல்ல வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே, "பையனைப் பைலட்டுன்னுதான் எல்லாரும் கூப்பிடறாங்க" என்றார். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். ஏரோப்பிளேன் ஓட்டுகிறவர் நம் குடும்பத்துக்கு மாப்பிள்ளையா என்று நானும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தேன். அப்புறம் மெல்ல விசாரித்தால், ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக்.

"மேல போறதும் கீழ வர்றதும்தானே. பைலட்டுன்னு சொன்னதுல என்ன தப்பு?" என்றார் என் வீட்டுக்காரர்.

உண்மையில் அந்தப் பெயர் வேலையால் வந்ததில்லை, காரால் வந்தது. அவரிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. மை நீலம், முழங்கால் உயரம், இரண்டே கதவு, இரண்டே சீட்டு. மேலே துணிக்கூரை, மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு டாக்டர் வெளிநாடு போகும்போது விற்றுவிட்டுப் போனது. கல்யாணம் ஆகாத காலத்தில், சம்பளத்தையும் சேமிப்பையும் ஒன்றாகப் போட்டு இவர் வாங்கியிருந்தார். தோல் தொப்பியை மாட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்தால் தலை மட்டும்தான் வெளியே தெரியும். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வைத்த பெயர்தான் பைலட்.

கல்யாணம் நடந்தது. எங்கள் வீட்டு மாடியிலேயே குடிவந்தார்கள். அண்ணன் மகளை வீட்டில் பெரியவள் என்றே கூப்பிடுவோம், அவளுக்குக் கீழே இரண்டு பேர். அவளுக்கு நான் அத்தை. முறைப்படி பார்த்தால் அவருக்குச் சித்தி. அவரும் வாய் நிறையச் சித்தி என்றுதான் கூப்பிட்டார். கார் எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, தகரக் கூரையின் கீழ் நின்றது. நான் அடுப்பை விட்டுத் திரும்பினால் அதன் முகத்தில்தான் முழிக்க வேண்டும்.

முதல் இரண்டு வருஷம் அந்தக் காரைப் போல ஒரு சந்தோஷம் அந்த வீட்டில் வேறு இல்லை. பெரியவள் முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள். அவர் கிளப்புவார். தெருவே திரும்பிப் பார்க்கும். அப்புறம் பாப்பா பிறந்தாள். மடியில் வைத்துக்கொள்ளும்வரை சமாளித்தார்கள். பாப்பா நடக்க ஆரம்பித்ததும், வீட்டில் மூன்று பேர், வண்டியில் இரண்டு பேர் என்றாகிவிட்டது. எங்கேயாவது விசேஷம் என்றால் அவர் காரில் முன்னால் வந்து இறங்குவார். அவளும் குழந்தையும் பஸ்ஸில் வந்து சேர்வார்கள்.

"மாப்பிள்ளை வந்தாச்சு, பொண்ணு அடுத்த பஸ்ல வருதாம்!" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். பெரியவளும் சிரித்துவைப்பாள்.

ஒருநாள் நல்ல மழை. பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதித்தது. மூன்று பேரும் எப்படியோ நெருக்கிக்கொண்டு காரில் கிளம்பினார்கள். சந்திப்பில் போலீஸ்காரர் மறித்துவிட்டார். இரண்டு சீட்டில் மூன்று பேர் போகக் கூடாது, ஒருவர் இறங்க வேண்டும் என்றார். வண்டியை அவர்தான் ஓட்ட வேண்டும், குழந்தை டாக்டரிடம் போக வேண்டும். ஆகவே பெரியவள் இறங்கினாள். தொப்பலாக நனைந்து, பஸ் பிடித்து அவள் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் ஊசி போட்டு முடித்திருந்தார். பாப்பா அம்மா அம்மா என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தாளாம்.

அவள் சண்டை போடவில்லை. மறுநாள் காலையில், சட்டையைத் தேய்த்துக்கொண்டே, "இதை வித்துட்டுப் பின்சீட்டு இருக்கற வண்டியா ஒண்ணு வாங்குங்க" என்று மட்டும் சொன்னாள். "சரி" என்றார் அவர். அந்தச் சமயம் பார்த்து என் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன். அண்ணி முன்பே காலமாகிவிட்டாள், சின்னவர்கள் இருவரும் வெளியூரில், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பெரியவள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊருக்குக் கிளம்பினாள். போகும்போது என் எதிரில்தான் அவரிடம் சொன்னாள்.

"அப்பாவுக்குச் சரியாக ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள வித்துடுங்க. புது வண்டில வந்து எங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க. பாப்பாகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

"நீ போய்ச் சேர்றதுக்குள்ள வித்துக் காட்டறேன் பாரு" என்றார்.

காரைக் கழுவி, மெழுகு போட்டு, நாலு பக்கமும் போட்டோ எடுத்து, செல்போனில் விளம்பரம் போட்டார். மார்க்கெட் மந்தம் என்பது பொய்யில்லை. பெட்ரோல் விலை ஏறியிருந்தது. கம்பெனிகளில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். சாதாரண வண்டியே விலை போகாத நேரத்தில் இரண்டு பேர் உட்காரும் வண்டியை யார் சீண்டுவார்கள்? முதலில் போன்தான் வந்தது. வண்டியைப் பார்க்காமலே "கடைசி விலை என்ன சார்?" என்பார்கள். சொன்னால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். மாதம் முடிந்தது. அண்ணனுக்குக் கண் தெளிந்தது. ஆனால் வண்டி விற்கவில்லை. பெரியவள் அங்கேயே இருந்தாள்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவன் காந்தம் கொண்டுவந்து கதவு கதவாக ஒட்டிப் பார்த்தான், எங்கே ஒடுக்கு விழுந்து பட்டி பூசியிருக்கிறது என்று. நாலு கல்லூரிப் பையன்கள் மாறி மாறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டு, "அப்பாகிட்ட கேட்டுச் சொல்றோம் அங்கிள்" என்று போனார்கள். ஒருவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மா காரைப் பார்க்கவே இல்லை, புருஷனை மட்டும் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

யார் வந்தாலும் பைலட் முகம் மலர்ந்துவிடும். பானெட்டைத் தூக்கி விளக்குவார், துணிக்கூரையை மடித்துக் காட்டுவார், தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏரிக்கரை வரைக்கும் ஒரு ரவுண்டு போய்வருவார். வந்து இறங்குகிறவர்கள் கண்ணெல்லாம் விரிந்து, "என்ன வண்டி சார்!" என்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால்கூட அந்த வண்டிக்கு இத்தனை பாராட்டு கிடைத்திருக்காது. வாரம் பூராவும் லிஃப்டுக் குழிக்குள் கிரீஸும் கையுமாகக் கிடக்கிற மனுஷர். ஞாயிறு வந்தால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருப்பார்.

வாங்குவேன் என்று யாராவது சொல்லிவிட்டால்தான் முகம் மாறும். சலூன் கடைக்காரர் ஒருவர் நல்ல விலைக்கே கேட்டார். "கதவை எப்படிச் சாத்தினான் பார்த்தீங்களா சித்தி? அவன்கிட்ட இது ஒரு மாசம் தாங்காது" என்று அவரை அனுப்பிவிட்டார். இன்னொருவர் சிவப்புப் பெயின்ட் அடிப்பேன் என்று சொல்லிவிட்டாராம். அவருக்கும் இல்லை.

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஏம்பா, நீ கார் விக்கறியா, மாப்பிள்ளை பாக்கறியா? வர்றவன் குணம், நடத்தை எல்லாம் பாத்துத்தான் குடுப்பியோ? அங்க ஒருத்தி மூட்டை முடிச்சோட காத்துக்கிட்டிருக்கா."

"மார்க்கெட் கொஞ்சம் எழுந்திருக்கட்டும் மாமா. இப்ப வித்தா பாதி விலைகூடத் தேறாது."

சித்தப்பா என்று கூப்பிட வேண்டியவரை மாமா என்று கூப்பிட்டதிலிருந்தே அவர் எத்தனை குழம்பியிருந்தார் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வாக்கில் ஆட்டோவில் ஒருவர் வந்து இறங்கினார். வழுக்கைத் தலை, நல்ல பருத்த உடம்பு, தங்க ஃபிரேம் கண்ணாடி. பக்கத்து ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன் என்றார். காருக்குள் நுழைய அவர் பட்ட பாட்டைப் பார்த்து, ஜன்னலுக்குப் பின்னால் நின்ற எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலில் ஒரு கால், அப்புறம் வயிறு, கடைசியில் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு மிச்சம். ஆனால் உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கைக் கோழிக்குஞ்சைத் தொடுவது போலத் தொட்டார். ஏரிக்கரை வரைக்கும் போய்வந்ததும் பேரமே பேசவில்லை.

"சின்ன வயசுலேர்ந்து ஆசைங்க. நீங்க விளம்பரத்துல போட்ட விலையே தர்றேன். நாளைக்கே வேணும்னாலும் சரி."

நான் காபியோடு வெளியே வந்தேன். பைலட் காரின் மேல் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க... இன்னொருத்தர் பார்த்துட்டுப் போயிருக்கார். அவருக்கு வாக்குக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு. ஒரு வாரம் பொறுங்க, சொல்றேன்."

"மார்க்கெட் இப்படி இருக்கறப்ப கேட்ட விலைக்கே எடுத்துக்கறேன்னு சொல்றேனே சார்?"

"ஒரு வாரம்தானே."

இன்னொருத்தர் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். வந்தவர் காபியைக் குடித்துவிட்டு, என்னிடம் மட்டும் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வழக்கம்போலப் பெரியவள் போன் செய்தாள். அவர் காரில் சாய்ந்துகொண்டுதான் பேசுவார். அவர் பேசுவது எனக்குக் கேட்கும். யாராவது வந்தார்களா என்று அவள் கேட்டிருக்க வேண்டும்.

"எங்க? ஒரு ஈ காக்கா வரலை. மார்க்கெட் அடியோட படுத்துக்கிச்சு."

"ஹலோ, ஹலோ" என்று இவர் இரண்டு தடவை கூப்பிட்டார்.

நடந்தது என்ன என்று பின்னால் பெரியவளே எனக்குச் சொன்னாள். அண்ணனுக்குக் கண்ணாடி மாற்றப் போன கடையில் ஆள் வேண்டும் என்றார்களாம். சும்மா இருக்கிற நேரம்தானே என்று அவள் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். முதலாளிக்கு அப்படி ஒரு கார் மேல் ஆசை என்று தெரிந்ததும் இவள்தான் விளம்பரத்தைக் காட்டியிருக்கிறாள். 'நான் அனுப்பினேன்னு சொல்லிடாதீங்க. பொண்டாட்டி ஆள் புடிச்சுக் குடுத்துதான் வித்தார்னு இருக்க வேண்டாம்' என்றாளாம். தன் கையால் விற்றதாக அவர் நிமிர்ந்து நிற்கட்டும் என்று நினைத்திருக்கிறாள் அந்தப் பெண். அன்றைக்குத் துணிமணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் போன் செய்திருக்கிறாள்.

அதற்கப்புறம் அவள் வண்டியைப் பற்றிக் கேட்கவே இல்லை. பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் ஒருநாள் அவர் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார். கையில் போன் அப்படியே இருந்தது.

"பாப்பாவை அங்கேயே ஸ்கூல்ல சேர்த்துட்டாளாம் சித்தி. ஏன்னு கேட்டா, மார்க்கெட் படுத்திருக்குன்னீங்களே, அது எழுந்திருக்கறதுக்குள்ள பாப்பா வளர்ந்துடுவாங்கறா." கொஞ்சம் நிறுத்தி, "கண்ணாடிக் கடைக்காரர் விசாரிச்சாராம் என்னை" என்றார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடிக் கடைக்காரருக்குப் போன் போட்டுப் பார்த்தார். அவர் பேரன்களோடு போய்வர வேறொரு வண்டி வாங்கிவிட்டிருந்தார். சலூன் கடைக்காரர் போனையே எடுக்கவில்லை. கடைசியில் ஒரு புரோக்கர் வந்தான். ஓட்டிப் பார்க்கக்கூட இல்லை. டயரை ஒரு உதை உதைத்துவிட்டு அடிமாட்டு விலை சொன்னான். பைலட் மறுபேச்சில்லாமல் சாவியை நீட்டினார். கதவை எப்படிச் சாத்துகிறான் என்று அன்றைக்கு அவர் பார்க்கவில்லை.

அந்த வாரமே நாலு கதவு வைத்த பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி, எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனார். பாப்பா ஓடிவந்து பின்சீட்டில் ஏறிக் குதித்தாள். "அம்மா, படுத்துக்கவே இடம் இருக்கு!" என்று கத்தினாள். பெரியவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"வண்டி நல்லா இருக்கு" என்றாள்.

"கிளம்பலாமா?"

"உள்ள வந்து உக்காருங்க."

உட்கார்ந்தோம். எங்களுக்கு டீ கொடுத்துவிட்டு அவள் நின்றுகொண்டே பேசினாள். குரல் உயரவில்லை.

"விக்க மனசு வரலைன்னு சொல்லியிருந்தா, விட்டுத் தொலைங்கன்னு பஸ்ஸைப் பிடிச்சு வந்திருப்பேங்க. எத்தனை வருஷம் பஸ்ல வந்தவ நான். யாருமே வரலைன்னு சொன்னீங்களே. எங்க முதலாளி அங்க காபி குடிச்சுட்டுப் போனதைக்கூட எங்கிட்ட சொல்லிட்டார், நீங்க யாரும் வரலைங்கறீங்க."

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"இங்க எனக்கு வேலை இருக்கு. பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. அப்பா இருக்கார். உங்களை வர வேண்டாம்னு சொல்லலை. ஞாயித்துக்கிழமை வாங்க."

நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் என் கையை அழுத்தினார். மூடிக்கொண்டேன். திரும்பி வரும்போது ஆண்கள் இருவரும் முன்னால், அந்த அகலமான பின்சீட்டில் நான் ஒருத்தி.

கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. குடியில்லை, கைநீட்டல் இல்லை, சம்பளத்தில் ஒளிவுமறைவு இல்லை. மார்க்கெட்டும் நிஜமாகவே மந்தமாகத்தான் இருந்தது. அதுதான் அவரைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். சொல்லிக்கொள்ள அப்படி ஒரு சாக்கு கிடைக்காமல் போயிருந்தால், அவள் கேட்டபோது தன் மனசில் இருந்ததையே சொல்லியிருப்பார்.

அண்ணன் காலமாகிவிட்டார். பாப்பா கல்லூரி முடிக்கப் போகிறாள். பெரியவள் இப்போது அந்தக் கண்ணாடிக் கடையின் நிர்வாகத்தைப் பார்க்கிறாள். பைலட் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, எங்கள் மாடியைக் காலி செய்துவிட்டு அவர்கள் ஊருக்கே போய்விட்டார். அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு தையல்காரர் வீட்டின் பின்பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் மனைவி, மகளோடு சாப்பிட்டுவிட்டுத் தன் அறைக்குத் திரும்பிவிடுகிறார்.