முள் ஏறாத பூஸ்ட் கேஜ்

ஆயுத பூஜை முடிந்த நான்காம் நாள். என் மெக்கானிக் ஷெட்டைத் திறக்கும் முன்பே ஏழுமலை வாசலில் நின்றான். கீழ்பென்னாத்தூர்க்காரன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டர்போ டீசல் காரை வாடகைக்கு ஓட்டி வந்தான்.

“அண்ணா, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. போளூர் தாண்டி ஒரு லாரிய ஓவர்டேக் பண்ண முடியல. கரும்புகை வேற. பின்னாடி வந்தவன் திட்டிக்கினே வந்தான்.”

அவனுக்கு நிரந்தரமாக இருந்தது ஒரே சவாரி. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு வேலூர் அழைத்துப் போக வேண்டும். அவன் வீட்டில் அடுப்பு எரிவதே அதனால்தான்.

“செவ்வாக்கிழமைக்குள்ள குடுத்துடுங்கண்ணா. வாத்தியார் வூட்டம்மா ஏற்கெனவே பயந்துட்டாங்க.”

டர்போ வண்டிகள் எங்கள் ஊருக்கு வந்த புதிது. அந்த வண்டியை முன்பு வைத்திருந்த சென்னைப் பையன் இரண்டு சாமான் கூடுதலாக மாட்டியிருந்தான். ஒன்று பூஸ்ட் கேஜ். டர்போ எவ்வளவு காற்றை அமுக்கி இன்ஜினுக்குத் தள்ளுகிறது என்று காட்டும். மற்றது ப்ளோ ஆஃப் வால்வு. காற்றுக் குழாயில் உட்கார்ந்திருக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டால் திறந்து மிச்சக் காற்றைப் ‘புஸ்’ஸென்று வெளியே விடும். டீசல் வண்டிக்கு அது தேவையே இல்லை. மகளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும் என்று ஏழுமலை கழற்றாமல் வைத்திருந்தான்.

ஓட்டிப் பார்த்தேன். வேகமெடுத்தால் ஒன்று என்ற எண்ணைத் தொடும் கேஜ் முள் கால் அளவிலேயே நின்றது.

“இது வெளில வாங்கி மாட்டின கேஜ்ப்பா, இத நம்பாத. டீசல் அடைப்புதான்” என்றேன்.

டீசல் ஃபில்டர் மாற்றினேன். ஏர் ஃபில்டர் மாற்றினேன். முள் அசையவில்லை. செவ்வாய் போய்விட்டது, வாத்தியார் வேறு காரில் போனார். “டர்போவே போயிடுச்சி” என்று சொல்லி, அதைக் கழற்றிச் சென்னைக்கு அனுப்பினேன்.

ஏழுமலை தினமும் வந்து பழைய டயர் மேல் உட்காருவான். “என்னாண்ணா, டர்போ கிரிவலம் போயிருக்குதா? இன்னும் சுத்தி முடிக்கலயா?” என்று முதலில் கிண்டல் செய்தான். பிறகு கிண்டலும் நின்றது.

பதினோராம் நாள், பழுது ஒன்றும் இல்லை என்று எழுதி டர்போவைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றுதான் வாத்தியார் மனைவி அவனிடம் சொல்லிவிட்டார்: “வேற வண்டி பேசிட்டோம்பா. அவர் உடம்ப வச்சிக்கினு எத்தினி நாள் பாக்கறது?”

டர்போவை மாட்டிவிட்டு, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். குழாயின் ஒரு முனையை அடைத்து, கம்ப்ரஸர் காற்றைக் கம்மியாக விட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன். வால்வு வாயில் நுரை பொங்கியது. கழற்றிப் பார்த்தால், பிஸ்டன் உட்காரும் இடத்தில் மஞ்சளாய் ஒரு பொருக்கு, நடுவில் சிவப்பு. நகத்தால் சுரண்டினேன். சந்தனம் மணத்தது.

பூஜை அன்று அவன் வண்டி ஆயில் சர்வீஸுக்காக என் ஷெட்டில்தான் நின்றது. ஜாக்கி, ஸ்பானர், கம்ப்ரஸர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். பானெட் திறந்திருந்தது. வால்வு வெள்ளிபோல மின்னியது. பன்னீரில் குழைத்த சந்தனத்தை அதன் வாயிலும் தாராளமாக வைத்து, நடுவில் குங்குமமும் இட்டேன். அது உள்ளே வழிந்து, சூட்டில் காய்ந்து, வால்வை முழுசாக மூடவிடாமல் செய்திருக்கிறது.

மண்ணெண்ணெயில் கழுவ ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முள் ஒன்றைத் தொட்டது.

ஏழுமலையிடம் மறைக்காமல் சொன்னேன். பானெட்டுக்குள் குனிந்து வால்வைத் தொட்டுப் பார்த்தான்.

“சாமிக்கு வச்சதுதானேண்ணா. உங்கள என்னான்னு சொல்றது.”

அவன் திட்டியிருக்கலாம்.

தை மாதம் வண்டியை விற்றுவிட்டு, சென்னையில் யாருக்கோ டிரைவராகப் போனான். மனைவியும் மகளும் ஊரிலேயே இருந்தார்கள்.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்வது இதுதான்: பூஸ்ட் குறைந்தால் முதலில் காற்று எங்கே கசிகிறது என்று பாருங்கள், டர்போவில் கை வைப்பது கடைசியில். கேஜ் காட்டுவதைப் பொய் என்று சொல்லும் முன் உங்கள் கையைச் சந்தேகப்படுங்கள்.

என் ஷெட்டில் இப்போதும் ஆயுத பூஜை உண்டு. பொட்டு பானெட்டின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். கற்பூரம் காட்டும்போது மட்டும் வேண்டிக்கொள்ள எனக்கு வாய் வருவதில்லை. அந்த வால்வில் பொட்டு வைத்தபோதும், “அண்ணாமலையாரே, இவன் பொழப்பக் காப்பாத்து” என்றுதான் வேண்டினேன்.